கருவியைத் தொடும் உரிமை

(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில், மீஞ்சூரில் நிகழ்த்திய உரை)



வெள்ளி விழா வாழ்த்துதற்குரிய நாள். என்னிலும் சிறப்பாக வாழ்த்தத் தக்கவர்கள் எனக்கு முன்னே பேசிவிட்டார்கள். ஆகவே நான் என் பங்குக்கு ஒரு தவற்றையும் ஒரு கோரிக்கையையும் இம்மேடைக்குக் கொண்டு வந்திருக்கின்றேன். தவறு என்னுடையது. கோரிக்கை உங்களுக்குரியது.

விழாவின் நினைவாக இச்சங்கம் ஓர் எளிய தொழிற்பட்டறை அமைக்க முடிவு செய்திருக்கின்றது. நம் பிள்ளைகள் மாலை நேரத்தில் வந்து, அரம் பிடித்து, ஈயம் பற்றவைத்து, சிறு மின்சுற்றுகளை இணைத்து, மனத்தில் கண்ட ஒரு பொருளைக் கையால் செய்து பார்க்கும் இடமாக அது அமையும் என்று செயலாளர் அவர்கள் சொன்னபோது மிக மகிழ்ந்தேன். வரைபடத்தையும் காட்டினார். வாயிலில் மூன்று படிகள் இருந்தன. உள்ளே எல்லா மேசைகளும் நின்று வேலை செய்யும் உயரத்தில் இருந்தன. வரைந்தவரை நான் குறை கூறேன். நாற்பதாண்டுகளுக்கு முன் என்னிடம் கேட்டிருந்தால் நானும் அவ்வாறே வரைந்திருப்பேன். அன்று நான் எப்படி நினைத்தேன் என்பதைச் சொன்னால்தான் இன்று நான் என்ன கேட்கின்றேன் என்பது விளங்கும்.

என் தவறு

1986-ஆம் ஆண்டு. நான் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் பிட்டர் பிரிவின் பயிற்றுநராக இருந்தேன். சேர்க்கை நாளன்று உப்பளத் தொழிலாளி ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு வந்தார். நம் மக்களில் ஒருவர். பையனுக்குப் பதினேழு வயது இருக்கும். இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் சூம்பியிருந்தது. ஊன்றுகோலின் துணையோடு நடந்தான். மதிப்பெண்ணில் குறையில்லை. நான் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “தம்பி, இது நாள் முழுதும் நின்று செய்யும் வேலை. உன்னால் முடியாது. எழுத்து வேலைக்கு ஏதேனும் படி” என்று சொன்னேன். அன்போடுதான் சொன்னேன். அந்த அன்புதான் இன்றும் என்னை உறுத்துகின்றது. தந்தையார் ஒன்றும் வாதாடவில்லை. “சரிங்க ஐயா” என்று கும்பிட்டுவிட்டு மகனை அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

பதினோர் ஆண்டுகள் சென்றன. 1997-இல் ஒருநாள் இதே மீஞ்சூர் ரயில் நிலையத்தின் அருகே என் சைக்கிள் பழுதாகி நின்றது. பக்கத்தில் இருந்த கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கடைக்காரர் தாழ்வான பலகை ஒன்றில் அமர்ந்து வேலை செய்துகொண்டிருந்தார். அவர் பக்கத்தில் ஒரு மரக்கட்டை. அதன் மேல், அவர் உட்கார்ந்த உயரத்திற்கு ஏற்றபடி, ஒரு வைஸ் பொருத்தப்பட்டிருந்தது. கடைக்கு வெளியே அவருடைய மூன்று சக்கர வண்டி நின்றது. கைப்பிடியைச் சுற்றும்போது தோள் வலித்ததால், பழைய சைக்கிளின் பற்சக்கரங்களையும் சங்கிலியையும் கொண்டு அதன் ஓட்டத்தைத் தாமே மாற்றி அமைத்திருந்தார். இருமுறை செய்து பார்த்துத் தவறியதாகவும், மூன்றாம் முறை சரியாக வந்ததாகவும் சொன்னார். அவர்தாம் அந்தப் பையன். என்னை அவர் அடையாளம் கண்டுகொண்டார். கோபிக்கவில்லை. வைஸைத் தொட்டுக் காட்டி, “சார், அன்னைக்கு நின்னு செய்யணும்னு சொன்னீங்க. பெஞ்சைக் கொஞ்சம் இறக்கியிருந்தா உட்கார்ந்தே செஞ்சிருப்பேன் சார்” என்றார்.

நண்பர்களே, பிட்டர் வகுப்பின் முதல் வாரத்தில் நான் கற்பித்த பாடம் எது தெரியுமா? வைஸின் தாடை, வேலை செய்பவரின் முழங்கை மட்டத்தில் இருக்கவேண்டும் என்பதே. உயரமான மாணவனுக்கு வைஸின் அடியில் கட்டை கொடுத்து உயர்த்துவோம். குள்ளமான மாணவனுக்குக் காலடியில் பலகை போடுவோம். கருவி மனிதனுக்கேற்ப மாறவேண்டும் என்பதை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதினேன். எழுதிய நானே, அந்தப் பையன் வந்து நின்றபோது பெஞ்சைப் பார்க்காமல் அவன் காலைப் பார்த்தேன். நான் அவனுக்கு மறுத்தது ஓர் இடத்தை மட்டும் அன்று. ஒரு பொருளைச் செய்து, பிழை கண்டு, திருத்திச் செய்யும் பயிற்சியை மறுத்தேன். அதை அவர் தெருவோரத்தில் தாமே கற்றுக்கொண்டார். கற்றுக்கொள்ள வழியில்லாமற் போனவர்கள் எத்தனை பேரோ!

நாம் அறிந்த கதவு

பட்டறையின் கதவு சாத்தப்படுவது என்றால் என்ன என்பதை நம் சமுதாயத்திற்கு ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் முன்னோர் கருவி அறியாதவர் அல்லர். ஏரைப் பிடித்தவர்களும், தோலைப் பதம் செய்தவர்களும், பறையைக் கட்டியவர்களும் அவர்களே. ஆயினும், கருவி நல்ல கூலியையும் மதிப்பையும் தரும் இடங்களில் அவர்களுக்கு இடம் இருந்ததில்லை. வைசிராயின் நிர்வாகக் குழுவில் 1942 முதல் 1946 வரை தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கர், 1942-இல் அரசுக்கு அளித்த மனுவில் ஆட்சிப் பணிகளோடு நின்றுவிடவில்லை. நம் மாணவர்கள் தொழில்நுட்பக் கல்வி பெற உதவித்தொகை கேட்டார். ரயில்வே பட்டறைகளிலும் அரசு அச்சகங்களிலும் நம் பிள்ளைகளுக்குப் பயிற்சி இடங்கள் கேட்டார். எழுதுகோலோடு சுத்தியலும் நம் கைக்கு வரவேண்டும் என்பதை அவர் அன்றே உணர்ந்திருந்தார்.

நாம் வாழும் இந்த வட பகுதியைப் பாருங்கள். எண்ணூரில் லாரித் தொழிற்சாலை வந்தது. திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. அத்திப்பட்டில் அனல் மின் நிலையம் வந்தது. 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டு இன்று காமராசர் துறைமுகம் என்று பெயர் பெற்றிருக்கின்றது. காட்டுப்பள்ளியிலும் துறைமுகம் வந்தது. இவற்றைச் சுற்றிலும் சிறுசிறு பட்டறைகள் ஏராளம். நம் இளைஞர் பலர் ஒப்பந்தக் கூலிகளாகவேனும் இவற்றுள் நுழைந்தார்கள். நுழைந்தவர்களில் சிலர் பிரஸ் இயந்திரத்தில் விரல்களை இழந்து வெளியே வந்தார்கள். இந்த அவையிலேயே அத்தகைய கைகள் உண்டு. உடற்குறை என்பது பிறவியோடு வரும் ஒன்று என்று யாரும் எண்ணவேண்டா. உழைப்பவர் வாழும் பகுதியில் அது நாளைக் காலைப் பணிமுறையிலும் வரலாம்.

2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கு இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகளைக் கணக்கிட்டது. அவர்களுள் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர் தமிழ்நாட்டினர். நாட்டு மக்களில் நூற்றுக்கு 2.21 பேர் என்பது பொதுக் கணக்கு. பட்டியல் வகுப்பு மக்களிடையே அது 2.45. இந்தச் சிறு வேற்றுமைக்குள் குறைந்த ஊட்டமும், தாமதமாகக் கிடைத்த மருத்துவமும், ஆபத்தான வேலையும் அடங்கியிருக்கக்கூடும் என்பதை நம் வீடுகளைக் கண்டவர் எவரும் ஊகிப்பர். நம்மிடையே வாழும் மாற்றுத்திறனாளிக்குச் சாத்தப்பட்ட கதவுகள் இரண்டு. வெளிக்கதவைத் திறக்க நாம் போராடிவருகின்றோம். உள்கதவை நாமே சாத்திவைத்திருத்தல் முறையாகுமா?

விரல் அறிந்தது

இனி, முதல் மாதிரி என்பதைப் பற்றிச் சில சொற்கள். ஒரு பொருளைப் பெருமளவில் செய்யுமுன், அட்டையோ மரமோ கிடைத்த இரும்போ கொண்டு ஒன்றைச் செய்கின்றோம். பயன்படுத்திப் பார்க்கின்றோம். குறை கண்டு, பிரித்து, மீண்டும் செய்கின்றோம். அதுவே முதல் மாதிரி. முடிந்த பொருளில் மாற்றம் செய்வது கடினம்; மாதிரியில் எளிது. ஆகவே ஒரு பொருள் யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்பது பெரும்பாலும் மாதிரி செய்யும் மேசையிலேயே முடிவாகிவிடுகின்றது. அந்த மேசையருகே யார் இருந்தார்கள் என்பதே கேள்வி.

பிரான்சு நாட்டின் கூவ்ரே என்னும் சிற்றூரில் 1809-இல் பிறந்தார் லூயி பிரெயில். தந்தையார் குதிரைகளுக்குச் சேணமும் வாரும் தைக்கும் தோல் தொழிலாளி. மூன்று வயதில், தந்தையின் பட்டறையில் விளையாடும்போது தோல் தைக்கும் கூரிய கருவி கண்ணில் பாய்ந்தது. நோய் மற்றக் கண்ணிற்கும் பரவிப் பார்வை முற்றும் போயிற்று. பாரிசில் பார்வையற்ற சிறுவர்க்கான பள்ளியில் அவர் படித்தபோது, படையில் பணியாற்றிய சார்லஸ் பார்பியே என்பவர் தாம் கண்டறிந்த புள்ளி எழுத்து முறையை அங்கே கொண்டுவந்தார். அறிவான முறைதான். ஆனால் பன்னிரண்டு புள்ளிகள் வரை கொண்டது. பார்வையுள்ளவர் அதைக் கண்ணால் பார்த்து அமைத்தார். விரல் நுனி ஒரே தொடுதலில் பன்னிரண்டு புள்ளிகளை அறியாது என்பது அவருக்குத் தெரியவில்லை. விரலால் படிக்கவேண்டிய சிறுவனுக்குத் தெரிந்தது. பிரெயில் பல முறை குத்திப் பார்த்து, மாற்றி, ஆறு புள்ளிகளாகக் குறைத்தார். 1824-இல், பதினைந்து வயதில், அம்முறை உருப்பெற்றது. 1829-இல் நூலாக வெளிவந்தது. அவர் படித்த பள்ளியே அதை முறையாக ஏற்றது 1854-இல். அவர் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆனபின். நம் நாட்டு மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெயில் 1951-இல் ஏற்கப்பட்டது. தமிழும் அந்த ஆறு புள்ளிகளில்தான் படிக்கப்படுகின்றது.

இந்த வரலாற்றில் நம் நெஞ்சைத் தொடும் செய்தி ஒன்று உண்டு. தாளில் புள்ளி குத்தப் பயன்படும் முள், அவர் பார்வையைப் போக்கிய தோல் தைக்கும் குத்தூசியின் இனத்தைச் சேர்ந்தது. தோல் தொழிலாளியின் கைக்கருவி, நம் நாட்டில் தீண்டத்தகாதது என்று ஒதுக்கப்பட்ட கருவி, பார்வையற்ற உலகிற்கு எழுத்தைக் கொடுத்தது.

குத்தவைத்து உட்காரும் கால்

நம் நாட்டிற்கு வருவோம். மேலைநாட்டில் செய்த செயற்கைக் கால் பூட்சுக்குள் இருக்கவேண்டியது. அதை அணிந்தவர் தரையில் அமர முடியாது, குத்தவைக்க முடியாது, வெறுங்காலோடு வயலில் இறங்க முடியாது. நம் உழவர் பலர் அதைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டு மீண்டும் ஊன்றுகோலை எடுத்தார்கள். ஜெய்ப்பூரில் சவாய் மான்சிங் மருத்துவமனையில் 1968-இல் இதற்கு ஒரு வழி பிறந்தது. எலும்பு மருத்துவர் பி. கே. சேத்தியும், அங்கே கைத்தொழில் கற்பிக்க வந்திருந்த ராம்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் இணைந்து உழைத்தார்கள். சர்மாவுக்குப் பள்ளிப்படிப்பு மிகக் குறைவு. கை நிறைய அறிவு இருந்தது. டயர் பழுது பார்க்கும் பட்டறையில் ரப்பரை வேகவைக்கும் முறையைக் கொண்டு, ரப்பரும் மரமும் சேர்ந்த ஒரு பாதம் உருவாயிற்று. அதை அணிந்தவர் நடந்து பார்த்தார், எங்கே உடைகின்றது, எங்கே மடங்க மறுக்கின்றது என்று சொன்னார், மீண்டும் செய்தார்கள். உலகெங்கும் ஜெய்ப்பூர்க் கால் என்று பெயர் பெற்றது அதுவே. 1981-இல் திருச்சி அருகே பேருந்து விபத்துக்குள்ளாகிக் காலை இழந்த நடனக் கலைஞர் சுதா சந்திரன் அதை அணிந்து மீண்டும் மேடையேறியதை நம்மில் மூத்தோர் நினைவில் வைத்திருப்பீர்கள். மருத்துவர் சேத்திக்கு 1981-இல் மகசேசே விருது கிடைத்தது, தக்க விருதே. கைவினைஞர் சர்மாவின் பெயரையும் நம் பிள்ளைகள் சேர்த்துப் படிக்கவேண்டும்.

தொழிலில் அடிபட்ட கையே கருவி செய்ததற்கும் சான்று உண்டு. அமெரிக்காவில் சுரங்க விபத்தில் முதுகெலும்பு முறிந்த பொறியாளர் ஹெர்பர்ட் எவரெஸ்டும் அவர் நண்பர் ஹாரி ஜென்னிங்சும் சேர்ந்து 1933-இல் மடக்கும் சக்கர நாற்காலியைச் செய்தார்கள். காரில் ஏற்றிச் செல்ல இயலாத நாற்காலியால் தாம் பட்ட துன்பத்திலிருந்து எவரெஸ்ட் அதை நினைத்தார். இன்று மருத்துவமனைகளில் நாம் காணும் மடக்கு நாற்காலிகளுக்கெல்லாம் அதுவே மூத்தது.

சென்னையில் நடப்பது

நம் சென்னையிலும் இத்துறையில் நல்ல பணி நடைபெறுகின்றது. கிண்டியில் உள்ள ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் தலைமையில் மறுவாழ்வுக் கருவிகளுக்கான ஆய்வு மையம் ஒன்று இயங்குகின்றது. அமர்ந்திருப்பவர் தாமே எழுந்து நிற்க உதவும் ‘அரைஸ்’ என்ற சக்கர நாற்காலி 2019-இல் அங்கிருந்து வெளிவந்தது. அம்மையத்தோடு இணைந்து பிறந்த நியோமோஷன் நிறுவனம், உடலின் அளவிற்கேற்பச் செய்யும் ‘நியோஃபிளை’ நாற்காலியையும், அதன் முன்னே பூட்டிக்கொண்டு சாலையில் ஓட்டும் மின்கலப் பொறியான ‘நியோபோல்ட்’டையும் 2021-இல் அறிமுகம் செய்தது. மேடும் பள்ளமுமான தெருவில் சிறு முன்சக்கரம் புதைந்துபோகும் துன்பத்தை அறிந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

தில்லி ஐ.ஐ.டி. உருவாக்கி, சென்னையின் ஃபீனிக்ஸ் நிறுவனம் உற்பத்தி செய்ய, 2014-இல் வெளிவந்தது ‘ஸ்மார்ட்கேன்’ என்ற கருவி. பார்வையற்றோரின் வெள்ளைக் கோலில் அதைப் பொருத்தினால், முழங்காலுக்கு மேலே எதிர்ப்படும் தடையை ஒலி அலையால் அறிந்து கைப்பிடியில் அதிர்வு கொடுக்கும். அதன் தேவை நம் பகுதியினருக்குச் சொல்லாமலே புரியும். சாலையோரம் நிற்கும் கன்டெய்னர் லாரியின் அடியில் வெறும் கோல் தடையின்றிப் போய்விடும். முகம் அல்லவா மோதும்! இக்கருவி உருவானபோது பார்வையற்றவர்கள் மாதிரிகளைக் கையில் பிடித்து நடந்து பார்த்துத் திருத்தங்கள் சொன்னார்கள்.

இவற்றைச் செய்தவர்களை வணங்குகின்றேன். ஆயினும் இன்னும் ஒரு படி ஏறவேண்டியிருக்கின்றது. செய்த பொருளைச் சோதித்துச் சொல்பவராக மாற்றுத்திறனாளி அழைக்கப்படுகின்றார். செய்பவராகவே அவர் வரவேண்டாவா? அரமும் சூட்டுக்கோலும் அவர் கையிலேயே இருக்கவேண்டாவா?

‘பார்வையற்றவர் ஈயம் பற்றவைப்பதா? நடக்கக்கூடியதா?’ என்று கேட்பீர்கள். நடந்திருக்கின்றது. அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில், பார்வையற்ற பொறியாளரான பில் கெரி, 1980-களில் பார்வையற்றோருக்காகவே ஒரு தொழில்நுட்ப இதழை நடத்தி, அதில் ஈயம் பற்றவைக்கும் முறையைப் படிப்படியாகக் கற்பித்தார். முறை எளியது. பொருளை அசையாமல் பிடியில் இறுக்கவேண்டும். சூடு ஏறுமுன் விரலால் இடத்தை அறியவேண்டும். அந்த இடத்திற்கு அடையாளமாக ஒரு கவ்வியையோ கம்பியையோ வைத்து, சூட்டுக்கோலின் முனையை அதைத் தொட்டபடியே கொண்டுபோகவேண்டும். இணைப்புச் சரியா என்பதை ஒலி எழுப்பும் சோதனைக் கருவி சொல்லிவிடும். அவ்வழியில் வந்தவர் ஜாஷ் மீலே என்ற பார்வையற்ற அறிவியலாளர். ஆர்டுயினோ எனப்படும் மலிவான சிறு மின்பலகையைக் கொண்டு பார்வையற்றோர் தாமே கருவிகள் செய்ய ஒரு பயிற்சித் திட்டத்தைத் தொடங்கினார். 2021-இல் மெக்கார்தர் நல்கை பெற்றார்.

மரவேலை செய்யும் பார்வையற்றவருக்கு ஒரு வகை அளவுகோல் உண்டு. அதன் கம்பியை இழுத்தால் ஒரு ‘கிளிக்’ ஒலிக்கு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு என்று எண்ணிக்கொண்டு போகலாம். காதும் விரலும் அளக்கின்றன. கேளாதவருக்கு இயந்திரம் ஓடுகின்றதா என்பதைக் காட்ட ஒரு விளக்கு போதும். விரல் இழந்தவர் அரத்தின் பிடியில் பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றித் தடித்ததாக்கினால் உள்ளங்கையாலேயே பிடிக்கலாம். இவற்றில் எதற்கும் பெருஞ்செலவு இல்லை. கேட்டு அறியவேண்டும் என்ற எண்ணமே முதல் செலவு.

சட்டமும் நம் கடமையும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் இயற்றப்பட்டு 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இருபத்தொரு வகைக் குறைபாடுகளை அது ஏற்கின்றது. நாற்பது விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உடையவர்க்கு அரசுப் பணிகளில் நான்கு விழுக்காடும், அரசின் உயர்கல்வி நிறுவனங்களிலும் அரசு உதவி பெறும் நிறுவனங்களிலும் ஐந்து விழுக்காடும் இடஒதுக்கீடு உண்டு. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை வழக்கு ஒன்றில், குறைபாட்டின் விழுக்காட்டை மட்டும் பார்த்து ஒருவரைத் தள்ளக்கூடாது என்றும், அவரால் அப்படிப்பைப் படிக்க இயலுமா என்பதை ஆராய்ந்தே முடிவு செய்யவேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. அதைப் படித்தபோது 1986-ஆம் ஆண்டின் அந்தச் சேர்க்கை நாள் என் கண்முன் வந்து நின்றது. நான் ஆராயவில்லை, பார்த்தேன், தள்ளினேன்.

நம் பிள்ளைகளுக்கு இன்று வாய்ப்புகளும் பெருகியிருக்கின்றன. 2016-இல் தொடங்கிய அடல் ஆய்வகத் திட்டத்தின்கீழ் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள மாணவர்க்கு மின்பலகைகளும் முப்பரிமாண அச்சு இயந்திரமும் கிடைக்கின்றன. ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை உதவி. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிகளில் இவ்வாய்வகங்கள் உண்டு. அப்படிப்பட்ட பள்ளியில் படிக்கும் இளைஞர்கள் இங்கிருந்தால், நாளையே உங்கள் ஆய்வகத்தின் வாயிலைப் பாருங்கள். சக்கர நாற்காலியில் வரும் உங்கள் தோழன் உள்ளே நுழைய முடியுமா? நுழைந்தால் மேசை அவனுக்கு எட்டுமா? எட்டாவிட்டால் ஆசிரியரிடம் சொல்லுங்கள். அதையே உங்கள் முதல் மாதிரிப் பணியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

என் கோரிக்கை

இனி நம் பட்டறைக்கு வருகின்றேன். அடிக்கல் இன்னும் நடப்படவில்லை. வரைபடம் தாளில்தான் இருக்கின்றது. தாளில் உள்ளதைத் திருத்த ஓர் அழிப்பான் போதும். கட்டிய பின் இடிக்கக் கடப்பாரை வேண்டும். ஆகவே இன்றே ஐந்து வேண்டுகோள்களை உங்கள் முன் வைக்கின்றேன்.

முதலாவது, வாயிலில் படிகளோடு சாய்தளமும் வேண்டும். ஓர் அடி உயரம் ஏறப் பன்னிரண்டு அடி நீளச் சரிவு என்பது கணக்கு. கதவின் அகலம் குறைந்தது 90 சென்டிமீட்டர் இருக்கவேண்டும்.

இரண்டாவது, மேசைகளில் இரண்டேனும் தாழ்வாக, அடியில் முழங்கால் நுழையும் இடத்தோடு இருக்கட்டும். ஒரு வைஸ் ஏற்றி இறக்கும் தண்டில் பொருத்தப்படட்டும். முழங்கை மட்டம் என்ற பழைய பாடத்தை நான் மறுபடியும் கற்பிக்கின்றேன்.

மூன்றாவது, ஒவ்வொரு கருவிக்கும் சுவரில் மாறாத ஓரிடம் வேண்டும். இடத்தின் பெயர் பெரிய எழுத்திலும் பிரெயிலிலும் இருக்கட்டும். எடுத்த கருவியை எடுத்த இடத்திலேயே வைக்கும் ஒழுங்கு பார்வையற்றவருக்குக் கண்ணாகும். மற்றவருக்கும் நேரம் மிச்சம்.

நான்காவது, இயந்திரங்களுக்குக் காவல் மறைப்பு கட்டாயம் வேண்டும். விரலைக் காப்பது எந்தச் செயற்கைக் கையையும் விட மேலானது.

ஐந்தாவதே முதன்மையானது. இப்பட்டறையின் குழுவில் நம் பகுதியின் மாற்றுத்திறனாளிகள் இருவரேனும் உறுப்பினராகவேண்டும். ஆண்டுவிழாவன்று பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடுவதற்கு அன்று. எந்தக் கருவி வாங்குவது, எப்போது திறப்பது, எதைச் செய்து பார்ப்பது என்று முடிவு செய்வதற்கு. ரயில் நிலையம் அருகே அந்தக் கடையை நடத்தும் அன்பரிடம் பேசினேன். இன்று அவருக்கு வயது ஐம்பத்தாறு. ‘வாரம் இரண்டு நாள் வந்து பிள்ளைகளுக்குக் கற்றுத்தருவீர்களா?’ என்று கேட்டேன். சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, “உள்ளே வர வழி இருந்தா வரேன் சார்” என்றார். நான் ஒருமுறை மறுத்த இடத்தில் அவர் ஆசிரியராக வந்து அமர, நீங்கள் வழி செய்யவேண்டும்.

இதைக் கேட்டுச் சிலர் சொல்லக்கூடும்: ‘நிதி குறைவு. முதலில் எல்லாப் பிள்ளைகளுக்குமாகக் கட்டுவோம். இவர்களுக்குப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்’ என்று. நிதி குறைவு என்பது உண்மை. ஒவ்வொரு ரூபாயும் உங்கள் வியர்வையிலிருந்து வந்தது என்பதை நானறிவேன். ஆனால் ‘பின்னால் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற சொல்லை நாம் எங்கே கேட்டிருக்கின்றோம்? கிணற்றடியிலும் பள்ளி வாயிலிலும் நம் பாட்டன்மார் கேட்ட சொல் அல்லவா அது? எல்லாப் பிள்ளைகளும் என்னும்போது அதற்குள் யார் அடங்கவில்லை என்று கேட்டுக்கேட்டு வளர்ந்த சங்கம் இது. அந்தக் கேள்வியை நம் வீட்டுக்குள்ளும் நாம் கேட்கவேண்டும். சாய்தளத்திற்கு இடம் போதாவிட்டால் பட்டறையின் அளவைச் சற்றுக் குறைப்போம். சிறிதாயினும் எல்லோரும் நுழையும் அறையே நமக்கு ஏற்றது.

ஒரு காலத்தில் ‘ஊனமுற்றோர்’ என்றோம்; இன்று ‘மாற்றுத்திறனாளிகள்’ என்கின்றோம். நல்ல சொல். நமக்கும் பிறர் இட்ட பெயர்கள் பல. நாம் உதறியவையும் பல. பெயர் மாறிய பின்னும் கதவு திறக்கவில்லை என்றால் அந்தப் பெயரால் பயன் சிறிது என்பதை நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்?

இளைஞர்களே, உங்களிடம் ஒரு சொல். பட்டறை திறந்ததும் பெரிய கண்டுபிடிப்புகளைத் தேடி ஓடவேண்டா. உங்கள் தெருவில் விரல் இழந்த அண்ணனுக்குச் சோற்றுக் கரண்டியைப் பிடிக்க ஒரு கைப்பிடி செய்யுங்கள். பார்வை மங்கிய பாட்டிக்கு அடுப்பின் திருகில் விரலுக்குத் தட்டுப்படும் குறி ஒன்று ஒட்டுங்கள். செய்யுமுன் அவர்களைக் கேளுங்கள். செய்யும்போது அவர்களையும் உடன் அமர்த்துங்கள். பிழையானால் பிரித்து மீண்டும் செய்யுங்கள். என் மாணவனாகாமற்போன அந்த மனிதர் மூன்றாம் முறையில்தான் வெற்றி பெற்றார் என்பதை நினைவில் வையுங்கள்.

அடுத்த ஆண்டு இதே நாளில், அந்தச் சாய்தளத்தின் வழியே நான் பட்டறைக்குள் வருவேன். எனக்கும் வயதாகின்றது, படிகள் எனக்கும் கடினமாகிக்கொண்டு வருகின்றன. அன்று தாழ்ந்த மேசையருகே அந்த ஆசிரியர் அமர்ந்து, ஒரு பிள்ளையின் கையில் அரத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கும் காட்சியை நான் காணவேண்டும். 1986-இல் நான் செலுத்தத் தவறிய கடன் அது. அதைத் தீர்க்க எனக்குத் துணை நில்லுங்கள்.